கேட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றனவா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "மழையா? இங்க ஒண்ணும் இல்லையே" என்றார். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அன்று முழுக்க மனசே சரியில்லை. மில்லின் இரைச்சல் அந்தக் காதைத் தின்றே விட்டது. இங்கே தலைநகரில் காதுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து உள்ளேயே கருவி பொருத்துகிறார்கள். பேசி முடித்துவிட்டேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. சிகிச்சைக்கு மட்டுமல்ல, இனிமேல் அப்பா என்னோடேயே இருக்கட்டும். இத்தனை வருடம் நீ பார்த்துக்கொண்டது போதும். உன்னைக் கேட்டுத்தான் செய்கிறேன். ரயில் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. நான் எழுதிக்கொண்டிருந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. எளிய மொழியில் எழுதப்பட்ட முதல் சட்டம் இதுதான். பழைய சட்டங்களைப் படித்தால் வக்கீலுக்கே வியர்க்கும். இதைப் பத்தாவது படித்தவரும் படிக்கலாம். மத்தியக் கட்சிக்காரர்களும் மாநிலக் கட்சிக்காரர்களும் ஒன்றாகக் கை தூக்கியதை இந்த அலுவலகத்தில் யாருமே பார்த்ததில்லையாம். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அப்பாவுக்கு என் வணக்கம். அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்.

உன் தம்பி

---

மார்ச் 16

அருமைத் தம்பி அகராதிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது, ரத்த அழுத்தம் என்னைவிட ஒழுங்காக இருக்கிறது. உன் இருமல் என்ன ஆயிற்று? அதை எழுத மறந்துவிட்டாய்.

சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாய் என்றுதான் உன்னை அகராதி பிடித்தவன் என்று வீட்டில் கூப்பிட்டோம். சொல்லை எடை போட்டே சம்பளம் வாங்குகிற ஆளாகிவிட்டாய். அதனால் ஒரு சந்தேகம். 'உன்னைக் கேட்டுத்தான் செய்கிறேன்' என்று எழுதிவிட்டு அதே உறையில் டிக்கெட்டை வைத்தால், அதற்குப் பெயர் கேட்பதா? டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் பேசுவோம், யார் சொன்னதும் யாருக்கும் ஏறாது.

அப்பா இங்கே நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் நடக்கிறார், பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறார், டிவியை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார். அவரை அழைத்துப்போய் ஒரு மாடி அறையில் உட்கார வைத்து என்ன செய்யப் போகிறாய்? முடியாது.

என் பொறுப்பில் இருக்கும் சிறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், எல்லாரும் மைக்செட் என்கிறார்கள். துறைமுக வேலைநிறுத்தத்தில் ஒரு வாரம் விடாமல் தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தார் என்று உன்னுடைய புதுச் சட்டத்தில் பிடித்திருக்கிறார்கள். துறைமுகம் மத்திய அரசுடையது, அதனால் வழக்கும் அவர்களுடையது. சிறை மாநிலத்துடையது, அதனால் சோறு எங்களுடையது. அறையில் தனியாக இருக்கும்போதும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுகிறார். "சூப்பிரண்டு அம்மா அவர்களே" என்று தொடங்கினால் மூன்றாவது பிளாக் வரை கேட்கிறது. அவர் மனைவி இதற்குள் இரண்டு தடவை வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டாள்.

இருமலுக்கு மருந்து சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

---

ஏப்ரல் 10

தம்பி,

நலமா என்று கேட்க வேண்டும். கேட்டேன் என்று வைத்துக்கொள். உன் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் மத்தியக் காவல் வேன் வந்து நின்றது. மைக்செட்டை எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மத்தியச் சிறைக்கு மாற்ற உத்தரவு. அங்கே கொண்டுபோனால் அவர் மனைவியால் வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்க முடியாது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். வந்த அதிகாரி நல்ல பையன்தான். நான் உத்தரவைப் படித்துவிட்டு, "மாநில அரசோட பதில் எங்க?" என்றேன்.

"காலையில கேட்டுக் கடிதம் அனுப்பிட்டாங்க மேடம்."

"பதில் வந்துச்சா?"

"சட்டத்துல கேட்டுன்னுதான் இருக்கு. பதில் வரணும்னு எங்க இருக்கு?"

அவன் சட்டப் புத்தகத்தையே கையில் வைத்திருந்தான். 'மத்திய உள்துறை, மாநில அரசைக் கேட்டு, காவலில் உள்ளவரை வேறு சிறைக்கு மாற்றலாம்.' நான் நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்க அது வழுக்குகிறது. கேள்வி கேட்டாலும் கேட்டுதான். பெரியவர்கள் பேச்சைக் கேட்டாலும் கேட்டுதான். காதில் விழுந்தாலும் அதேதான்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் கேக்கல. வேனைத் திருப்புங்க" என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தினேன். மாநில உள்துறைச் செயலாளரைக் கூப்பிட்டேன். "நல்லா பண்ணீங்க" என்றார். "அதை எழுத்துல குடுங்க சார்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

இந்தச் சட்டம் உன் மேசையிலிருந்து போனதுதானே? அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? ஒரே வரியில் எழுது. தவறு என் மேல் என்றால் இப்போதே தெரிந்துகொள்கிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. இங்கே வெயில் தாங்கவில்லை. அப்பாவை வெயிலில் நடக்க விடாதே.

நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது. கோபப்படாதே. சட்டம் எழுதுகிறவன், அவையில் வாக்கெடுப்பு முடிந்த நிமிடத்திலிருந்து ஊமை. அப்புறம் அது அவையின் சொல். அதற்கு என்ன பொருள் என்று சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது. நான் மனதில் என்ன வைத்து எழுதினேன் என்பது ஒரு காசு பெறாது, பெறவும் கூடாது. எழுதினவனே அர்த்தமும் சொல்லலாம் என்றால் அவை எதற்கு, நீதிமன்றம் எதற்கு? வேலையில் சேர்ந்த அன்று அப்படித்தான் உறுதிமொழி எடுத்திருக்கிறேன். அக்காவுக்கு மட்டும் என்று அதில் விலக்கு இல்லை.

மருத்துவமனையில் அப்பாவுக்கு ஜூலைக் கடைசியில் இடம் தருகிறார்கள். இந்த முறை டிக்கெட் வைக்கவில்லை, கவனித்தாயா?

கவனமாக இரு. ரொம்பக் கவனமாக இரு.

தம்பி

---

மே 8

ஊமைத் தம்பிக்கு,

அப்பா நலம், நான் நலமில்லை. நீ வெயிலைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன், வேறு எதுவும் படிக்கக் கிடைக்காததால்.

இங்கே நடப்பதைக் கேள். மைக்செட்டின் மனைவி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிட்டாள். வழக்கு முடியும் வரை அவரை நகர்த்தக் கூடாது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியிருக்கிறது. என்னை அவர்களால் தொட முடியாது, நான் மாநில ஊழியை. அதனால் மாநிலத்துக்கு வர வேண்டிய சாலைப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உடனே எங்கள் ஆட்களின் குரல் மாறிவிட்டது. நல்லா பண்ணீங்க என்ற அதே செயலாளர், 'மத்திய அரசின் உத்தரவை நிறைவேற்றத் தவறியது ஏன்' என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பதில் திருப்தியாக இல்லையென்றால் தற்காலிகப் பணி நீக்கம். உனக்குத் தெரியுமே, இந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் அப்பாவோடு எங்கே போவேன் என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாளாகச் சாதத்தில் உப்புப் போட மறக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.

நீ சொல்லாவிட்டால் போ. எனக்கே தெரியும். நம் வீட்டில் அம்மா, "அப்பாவைக் கேட்டுட்டுப் போ" என்றால் என்ன செய்வோம்? கேள்வியை எறிந்துவிட்டு ஓடியா போவோம்? அப்பா பேப்பரை மடித்து, யோசித்து, தலையை ஆட்டுகிற வரை வாசலிலேயே நிற்போம். ஒரு தடவை நீ செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சினிமா தொடங்கும் நேரம் வரை நின்று அழுதாய். அந்த வாசலில் நின்றவன் அந்தச் சொல்லை எழுதினால் அதற்கு அந்த அர்த்தம்தான் இருக்கும். நோட்டீஸுக்கும் இதையேதான் எழுதியிருக்கிறேன், சினிமாவை மட்டும் விட்டுவிட்டு.

அக்கா

---

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். அதிகம் எழுத நேரமில்லை.

இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுது, அலுவலகத்துக்கு வேண்டாம். என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். புது அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் இல்லை, ஆனால் குளுகுளு என்று இருக்கிறது.

செருப்பு விஷயம் உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா! அன்று அவர் தலையாட்டவேயில்லை, அதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

அப்பாவுக்கு வணக்கம்.

தம்பி

---

ஜூன் 22

தம்பி,

உடம்பு எப்படி என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறது. பொதுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவசரத் திருத்தம். ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. 'கேட்டு' என்பதை எடுத்துவிட்டு 'தெரிவித்து'. முன் தேதியிட்டு அமலுக்கு வருமாம். அதாவது அன்று வேன் வந்தபோதே சட்டம் அப்படித்தான் இருந்தது என்று ஆகிவிடும், நான் கதவைச் சாத்தியது குற்றம் என்று ஆகிவிடும். மக்களவையில் நேற்று மத்தியானத்துக்குள் நிறைவேற்றிவிட்டார்கள்.

இதுதானா உன் நேரமில்லாத வேலை? எழுதினவன் ஊமை என்று எனக்குப் பாடம் எடுத்தாயே. ஊமைக்கு இப்போது எப்படிடா வாய் வந்தது? அக்காவை உள்ளே தள்ள ஒரு சொல் போதும் என்று உட்கார்ந்து தேடினாயா?

மைக்செட்டும் பேப்பர் படித்துவிட்டார். அவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததை இன்றுதான் பார்த்தேன். வார்டர்கள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். "அம்மா, இவ்வளவு பெரிய கட்டடங்கள்ல இத்தனை பேர் என்னைப் பத்திப் பேசுறாங்க. என்கிட்ட ஒருத்தராவது பேசினாங்களா?" என்றார், சாதாரணக் குரலில்.

அக்கா

---

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று யோசித்ததில் தாமதம்.

திருத்தங்கள் எழுதும் பிரிவில் நான் மே மாதக் கடைசியிலிருந்து இல்லை. ஒரு நாள் காலையில் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்கள். சாயங்காலம் நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். நடுவில் நடந்ததைக் கேட்காதே. இப்போது நான் இருப்பது சட்டச் சொல் அகராதிப் பிரிவில். சிரி. நீ வைத்த பட்டப்பெயரை அரசாங்கமே உத்தரவு போட்டு உறுதி செய்திருக்கிறது.

திருத்தம் மாநிலங்களவையில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மாநிலங்களின் ஆட்கள். எல்லாக் கட்சியிலும் ஆட்சேபணை வந்து குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். குழு இரண்டு மாதத்துக்கு வாய் திறக்காது. அதற்குள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிடும். இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி, அதனால் எழுதுகிறேன்.

ஒருவேளை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் யோசிக்காதே. நீயும் வந்துவிடு. அப்பாவுக்கு ஜூலை 28 தேதி கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் வைத்திருக்கிறேன். இது கேட்பது அல்ல, பயம்.

தம்பி

---

செப்டம்பர் 2

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் மைக்செட். ஜூலையில் உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் டிக்கெட்டை மட்டும் திருப்பி அனுப்பினேன். அந்தத் தாளைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு எந்த முகத்தோடு பதில் எழுதுவது? ஜூன் கடிதத்தைக் கிழித்துப் போடு. போடா, நீ கிழிக்க மாட்டாய், பத்திரமாக வைத்திருந்து என் கிழவி வயதில் படித்துக் காட்டுவாய்.

தீர்ப்பைப் படித்திருப்பாய். இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். கேட்பது என்றால் வாயைத் திறப்பது மட்டுமல்ல, காதையும் திறப்பது என்று எழுதியிருக்கிறார்கள். மத்திய அரசு கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த பதில் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுத வேண்டும். அதற்காக மாநிலம் சொன்னதே முடிவு என்றும் இல்லை, மாநிலமும் சும்மா வாயை மூடிக்கொண்டு தடுக்க முடியாது. இரண்டு பக்கமும் வெற்றி என்று பட்டாசு வெடித்தார்கள், திருத்தம் இன்னும் குழுவிலேயே கிடக்கிறது.

மூன்றே நாளில் எங்கள் மாநில அரசு பதில் கொடுத்தது. 'ஆட்சேபணை இல்லை.' சாலைப் பணம் வந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதற்காகவா வேலையைப் பணயம் வைத்தேன்?

ஆனால் தீர்ப்பின் கடைசியில் ஒரு நீதிபதி தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார். இரு அரசுகளும் ஒன்றையொன்று கேட்டால் போதுமா, மாற்றப்படுகிற ஆளைக் கேட்டார்களா என்று. மற்றவர்களும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் வேன் வருவதற்கு முன்னால் மாஜிஸ்டிரேட் வந்தார். என் அறையிலேயே நாற்காலி போட்டு, "சொல்லுங்க" என்றார். மைக்செட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாண்புமிகு" என்று ஆரம்பித்தார் பார், மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் ஆடியது. மாஜிஸ்டிரேட் சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். மனைவி, கடை, சாட்சிகள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வழக்கு முடியும் வரை இங்கேதான் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இன்னும் கைதிதான். ஆனாலும் அன்று அவர் மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். என் நோட்டீஸ் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

இன்னொன்று. தீர்ப்பு வந்த அன்று சந்தோஷத்தில் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். உன் முகவரியும் இரண்டு உறைகளும் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்புடன்,
அக்கா

---

செப்டம்பர் 5

மகளுக்கும் மகனுக்கும் அப்பா எழுதுவது. ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று அனுப்புகிறேன், ஒருவர் சொல்லி மற்றவர் கேட்கும் வேலை வேண்டாம்.

நான் நலம். இதை நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஆறு மாதமாக எழுதி வந்திருக்கிறீர்கள். நானே எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகனின் கடிதங்களைப் படித்தேன். கேட்டுவிட்டுப் படித்திருக்க வேண்டும். மன்னிக்கவும். எனக்கு இரண்டு டிக்கெட் வந்து இரண்டும் திரும்பிப் போனதும், என் காதுக்கு நாள் குறித்ததும், அந்த நாள் கடந்துபோனதும் எனக்குப் புதுச் செய்தி. ஒருவன் வா என்கிறான், ஒருத்தி விட மாட்டேன் என்கிறாள். இருவரும் என் மேல் உள்ள பாசத்தில்தான் சண்டை போடுகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிக்கும்போது கண் கலங்கியது. கொஞ்சம் கோபமும் வந்தது.

நம் வீட்டு வாசலில் நின்ற கதையைச் சொல்லித்தான் மகள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மகன் எந்தத் தாளைத் தொடாமல் கீழ்த்தளத்துக்குப் போனான் என்றும் ஊகிக்க முடிகிறது. இரண்டு பேரையும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டுக்கே ஒரு சொல்லைச் சரியாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில்தான் அது நடக்கவில்லை.

எனக்குக் காதுதான் கேட்காது. என்னைக் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? சத்தம் போட்டுக் கேட்க வேண்டியதில்லை, எழுதிக் கேட்கலாம். மில்லில் முப்பது வருடம் நாங்கள் சிலேட்டில் எழுதித்தான் பேசிக்கொண்டோம்.

கருவி எனக்கு வேண்டுமா, வேண்டாமா? எங்கே இருக்க ஆசை? எனக்கே தெரியவில்லை. யாரும் கேட்காததால் யோசிக்கும் வேலையே வரவில்லை. இன்று காலையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே இருவரும் தனித்தனியாக என் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகள் ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், இருந்தாலும் தபால்தலை ஒட்டியே அனுப்பட்டும். கேள்வி மட்டும் இருக்க வேண்டும். டிக்கெட் வைக்கக் கூடாது.

நான் பேப்பரை மடித்துவிட்டு யோசித்துப் பதில் எழுதுவேன். அதுவரை, சின்ன வயதில் நின்ற மாதிரி, வாசலிலேயே நில்லுங்கள்.

அப்பா